முழங்கையில் வலி, காரணம் காலில்: பிக்கிள்பால் ஆடும் ஓர் ஆசிரியைக்குப் பதில்

காட்பாடிப் பக்கம் ஒரு குடியிருப்பிலிருந்து 46 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

பள்ளிக்கூட நாட்களில் பூப்பந்து ஆடியவர். கல்யாணம், குழந்தைகள், வேலை என்று இருபது வருஷம் எதையும் தொடவில்லை. இடையில் கொஞ்ச காலம் ஷட்டில். நான்கு மாதத்துக்கு முன் குடியிருப்பின் ஷட்டில் தளத்தில் வலையை இறக்கிக் கட்டி எல்லோரும் பிக்கிள்பால் (ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைத் தட்டையான மட்டையால் வலைக்கு மேல் அடிக்கும் ஆட்டம்) ஆடத் தொடங்க, இவரும் சேர்ந்துகொண்டார். கணவர், நாத்தனார், நாத்தனாரின் கணவர், இவர் என்று நால்வர். வாரத்தில் ஐந்து நாள், காலை ஐந்தரை மணிக்கு. முதல் மாதம் வேகமாகக் கற்றுக்கொண்டார். அப்புறம் ஓரிடத்தில் நின்றுபோனது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற 67 வயதுப் பெரியவர் ஒருவர் அதிகம் ஓடாமலே இவர்களை அடித்து உட்கார வைக்கிறார். கணவர் "இன்னும் பலமா அடி" என்கிறார். நாத்தனாரின் கணவர் ஆட்டத்தின் நடுவிலேயே ஒவ்வோர் அடிக்கும் திருத்தம் சொல்கிறார்.

ஐந்து வாரமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. போர்டில் எழுதும்போது, துணி பிழியும்போது, குடம் தூக்கும்போது சுரீர் என்கிறது. மாமியார் புத்தூர்க் கட்டுப் போடச் சொல்கிறார். உடன் வேலை செய்யும் ஒருவர் ஊசி போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார். போன மாதம் தலைக்கு மேல் போன பந்தைப் பின்னாலேயே ஓடி அடிக்கப் போய் மல்லாந்து விழுந்திருக்கிறார்; நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மே மாதம் குடியிருப்போர் சங்கம் போட்டி நடத்துகிறது. ஆட்டத்தையே விட்டுவிடுவதா, 12,000 ரூபாய்க்குப் புதுப் பேடில் (இந்த ஆட்டத்தின் மட்டை) வாங்குவதா, போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்கிறார். "எனக்கு வயசாகிவிட்டது, கையில் பலம் இல்லை, அவ்வளவுதான் போலிருக்கிறது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

வேலூரில் பல வருஷமாக இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன், இந்த ஆட்டத்தையும் ஆடுகிறேன். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு கண்ணாலும் படித்தேன். ஆட்டம் முன்னேறவில்லை, முழங்கை வலிக்கிறது, ஒரு நாள் விழுந்தேன் என்று மூன்றைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை மூன்றும் ஒன்றாகவே தெரிகின்றன. உங்கள் கையில் குறை எதுவும் இல்லை. பந்து வரும்போது உங்கள் கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கால் தாமதமாவதைக் கை ஈடுகட்டப் பார்க்கிறது. அந்தக் கூடுதல் வேலையைத்தான் முழங்கை வலியாகச் சொல்கிறது. இது வயசால் வந்ததல்ல. இருபது வயதுப் பிள்ளைகளிடமும் இதே தவறைப் பார்க்கிறேன். அவர்களுக்கு வலி கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான்.

இரண்டுங்கெட்டான் இடம்

அந்தப் பெரியவர் எங்கே நிற்கிறார் என்று நாளைக்குக் காலையில் கொஞ்சம் கவனியுங்கள். அவர் கையைப் பார்க்க வேண்டாம், காலை மட்டும் பாருங்கள். முதல் இரண்டு மூன்று அடிகளுக்குள் வலைக்கு முன்னாலுள்ள கோட்டருகே வந்து நின்றுவிடுவார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அங்கே வந்தபிறகு அவருக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை.

பிக்கிள்பால் தளம் 44 அடி நீளம், 20 அடி அகலம். ஷட்டில் இரட்டையர் தளத்தின் அளவும் அதுவே, இது தற்செயல் இல்லை. 1965-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், பொழுதுபோகாமல் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு பழைய பேட்மின்டன் தளத்தில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. முதலில் வலைகூட ஷட்டில் உயரத்தில்தான் இருந்தது, பிறகு இறக்கிக்கொண்டார்கள். இப்போது ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். தளம் ஒன்றாக இருப்பதால் ஷட்டில் ஆடியவர்கள் பழைய பழக்கத்தை அப்படியே கொண்டுவந்துவிடுகிறோம். ஷட்டிலில் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் தளத்தின் நடுவுக்குத் திரும்பச் சொல்லித் தருவார்கள், அங்கே அது சரி. இங்கே அந்த நடுப்பகுதிதான் ஆகாத இடம்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் பக்கம் 22 அடி. அதில் வலையை ஒட்டிய 7 அடி கிச்சன். கிச்சன் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை 15 அடி. இந்தப் 15 அடியின் நடுவில் நின்றால் எதிராளியின் பந்து சரியாக உங்கள் காலடியில் வந்து விழும். தரையில் படாமல் அடிக்கலாம் என்றால் பந்து மிகத் தாழ்வாக இருக்கும். பட்டபின் அடிக்கலாம் என்றால் நேரம் இருக்காது. நீங்கள் குனிவீர்கள், பந்து உடம்பைத் தாண்டிவிடும், அப்போது மணிக்கட்டைச் சுண்டி எப்படியோ மறுபக்கம் தள்ளுவீர்கள். "எப்படியோ திருப்பி அனுப்பிவிடுகிறேன், ஆனால் அடுத்த அடியில் புள்ளி போகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்த இடத்தில் நடப்பது. அந்தச் சுண்டல்தான் உங்கள் முழங்கையையும் தின்கிறது.

ஆகவே நிற்க இரண்டே இடங்கள்தான். ஒன்று, கடைசிக் கோட்டுக்கு ஓரடி பின்னால். இன்னொன்று, கிச்சன் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால். நடுவில் உள்ளது கடந்துபோகும் வழி, தங்கும் இடம் அல்ல. கடக்கும்போதும் எதிராளி பந்தை அடிக்கும் நொடியில் நீங்கள் எங்கே இருந்தாலும் சட்டென்று இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிடுங்கள். ஓடிக்கொண்டே அடிக்காதீர்கள். நின்று, அடித்து, மறுபடி நகருங்கள்.

எப்போது முன்னேறுவது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள், நீங்களும் குழம்பியிருக்கிறீர்கள். சர்வ் போட்ட உடனே முன்னால் ஓடுகிறேன் என்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். சர்வ் ஒரு முறை தரையில் பட வேண்டும். அதைத் திருப்பி அனுப்பும் பந்தும் உங்கள் பக்கம் ஒரு முறை தரையில் பட வேண்டும். இரண்டு துள்ளல் விதி என்பது இதுதான். சர்வ் போட்ட பக்கம், துள்ளிய அந்தப் பந்தைத் திருப்பி அடிக்கும் மூன்றாவது அடி முடியும் வரை பின்னால்தான் காத்திருக்க வேண்டும். முன்னால் ஓடிவிட்டால், ஆழமாக வரும் ரிட்டர்ன் உங்கள் காலைத் தாண்டித் துள்ளும். அவசரத்தில் தரையில் படுமுன் அடித்தால் தவறு. பூப்பந்திலும் ஷட்டிலிலும் தரையில் பட்டால் கதை முடிந்தது என்று உடம்பில் ஊறிப்போனவர்களுக்கு, பந்தைத் துள்ள விடுவது ஏதோ விட்டுக்கொடுப்பதுபோல் இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற முடியும். சர்வ் போட்டபின் "நில்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் சொன்னால் போதும்.

சர்வ் வாங்கும் பக்கம் இதற்கு நேர் எதிர். நீங்கள் ரிட்டர்ன் அடித்தவுடன் முன்னேறலாம். அவர்கள்தான் துள்ளலுக்குக் காத்திருக்க வேண்டும். உங்கள் ரிட்டர்ன் உயரமாக, மெதுவாக, எதிராளியின் கடைசிக் கோட்டருகே விழட்டும். பந்து காற்றில் இருக்கும் நேரமே உங்களுக்கு நடந்து முன்னால் வரும் நேரம். வேகமாக அடித்த ரிட்டர்ன் வேகமாகத் திரும்பி வரும்; நீங்கள் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கிச்சன் மிதிக்கக் கூடாத இடம் அல்ல

"கிச்சனுக்குள் காலே வைக்கக் கூடாது என்பதால் நாங்கள் யாரும் கோட்டருகே போவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆட்டம் நின்றுபோனதற்கு இந்த ஒரு தவறான எண்ணமே பாதிக் காரணம். விதி சொல்வது வேறு: கிச்சனுக்குள்ளோ அதன் கோட்டிலோ நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அப்படி அடித்த வேகத்தில் தடுமாறிக் கால் உள்ளே போனாலும் தவறு. பந்து கிச்சனில் விழுந்து துள்ளினால் தாராளமாக உள்ளே போய் அடிக்கலாம். பந்தே இல்லாதபோதும் உள்ளே நிற்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆனால் அடித்தவுடன் வெளியே வந்துவிடுங்கள், அடுத்த பந்து நேராக உங்கள் மேல் வரலாம்.

இன்னொன்று. உங்கள் குடியிருப்பில் ஷட்டிலின் முன்கோட்டையே கிச்சன் கோடாக வைத்திருப்பீர்கள். அது வலையிலிருந்து ஆறரை அடி; கிச்சன் 7 அடி. சுண்ணாம்பாலோ டேப்பாலோ அரை அடி தள்ளிக் கோடு போடுங்கள். பழகும் கால் சரியான அளவுக்கே பழகட்டும். வலையின் நடுவையும் அளந்து 34 அங்குலத்துக்குக் கட்டுங்கள். இரண்டு அங்குலம் தொய்ந்த வலையில் பழகியவர் வேறு தளத்துக்குப் போனால் அத்தனை பந்தும் வலையில்தான்.

"இன்னும் பலமா அடி"

உங்கள் கணவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் இந்த ஆலோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, சுமார் 25 கிராம். பலமாக அடித்தாலும் காற்றில் வேகம் இழந்துவிடும். கோட்டருகே பேடிலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நிற்பவருக்கு அதைத் தடுத்து உங்கள் காலடியில் போடுவது பெரிய வேலையே இல்லை. உங்கள் பெரியவர் செய்வது அதுதான். உங்கள் வீட்டார் அடிக்கும் பலத்தை வைத்தே உங்களை வீழ்த்துகிறார்.

அவரிடமிருந்து இன்னொன்றையும் கற்றுக்கொள்ளலாம். அவர் எத்தனை பந்தைத் தொடாமல் விடுகிறார் என்று எண்ணுங்கள். வேகமாக அடித்து உங்கள் தோள் உயரத்தில் வரும் பந்து பெரும்பாலும் கோட்டுக்கு வெளியேதான் போய் விழும். ஆரம்பத்தில் எல்லோரும் எதிராளியின் தவறை எட்டிப் பிடித்து அடித்துக் காப்பாற்றிக் கொடுக்கிறோம். தோள் உயரப் பந்தென்றால் பேடிலை ஒதுக்கி உடம்பைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு உள்ளே விழத்தான் செய்யும், போகட்டும்.

கற்க வேண்டிய அடி டிங்க். கிச்சன் கோட்டில் நின்று, வலையை ஒட்டினாற்போல் எதிர்க் கிச்சனில் பந்தை மெல்ல இறக்குவது. தோளிலிருந்து கை மொத்தமாக அசைய வேண்டும், மணிக்கட்டு அசையக் கூடாது, பந்து எப்போதும் உடம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். தூளியை ஆட்டிவிடும் கைதான் அது. இதே கைதான் கடைசிக் கோட்டிலிருந்து மூன்றாவது அடியையும் கிச்சனில் இறக்கித் தரும். ஆனால் அது கடினம், இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

நீங்கள் வாரம் ஐந்து நாளும் ஆட்டம் மட்டும் ஆடுகிறீர்கள், பயிற்சியே இல்லை. ஆட்டத்தில் நமக்குத் தெரிந்ததைத்தான் செய்வோம். தெரியாததைச் செய்துபார்க்கத் துணிவு வராது. ஐந்து நாளை மூன்றாக்குங்கள். அந்த மூன்று நாளும் முதல் பதினைந்து நிமிடம் எண்ணிக்கை வைக்காமல் நாத்தனாரும் நீங்களும் எதிரெதிர் கிச்சன் கோட்டில் நின்று டிங்க் மட்டும் போடுங்கள். ஆளில்லாத நாளில் காம்பவுண்டுச் சுவரில் 34 அங்குல உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு 7 அடி தள்ளி நின்று கோட்டுக்குச் சற்று மேலே மெதுவாக அடியுங்கள். சுவர் பொய் சொல்லாது, பலமாக அடித்தால் பலமாகவே திருப்பித் தரும்.

முழங்கைக்கு என்ன செய்வது

நேரில் பார்க்காமல் நோயைப் பெயர் சொல்லி முடிவுகட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியது டென்னிஸ் எல்போ என்று சொல்வதற்கு நன்றாகப் பொருந்துகிறது. மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகளில் பெரும்பாலானவை முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் வந்து சேர்கின்றன. பேடிலை இறுக்கிப் பிடித்தாலே அவை வேலை செய்யும். அதோடு சுண்டலும் சேர்ந்தால், அந்த முனையிலுள்ள தசைநாண் தாங்குவதைவிட அதிகச் சுமை ஏறுகிறது. பள்ளியில் கையைத் தூக்கிப் போர்டில் எழுதுவது, வீட்டில் துணி பிழிவது, குடம் தூக்குவது எல்லாம் அதே தசைக்குத்தான் வேலை. அதனால்தான் காலையில் தொடங்கிய வலி இரவு வரை விடுவதில்லை.

மாமியார் சொன்ன புத்தூர்க் கட்டுக்கு வருகிறேன். நம் வட ஆற்காட்டுப் பக்கம் கை கால் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அவர் அக்கறையில் சொல்கிறார், மனம் நோகப் பேச வேண்டாம். ஆனால் இங்கே எலும்பு முறியவில்லை. தசைநாண் நோய்க்குக் கையை இறுக்கிக் கட்டி அசையாமல் வைத்தால் தசை மேலும் மெலியும், மூட்டு இறுகும். கட்டை அவிழ்த்ததும் வலி திரும்ப வரும். தசைநாண் குணமாக அதற்கு அளவான வேலை தேவை, முழு ஓய்வு அல்ல.

ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை நன்றாகக் குறைக்கும், அது உண்மை. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்புவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்குச் சர்க்கரையும் இருப்பதால் ஊசிக்குப் பிறகு சில நாள் அளவு ஏறக்கூடும். என் கருத்தில் உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

இரண்டு வாரம் ஆட்டத்தை நிறுத்தி, டிங்க் பயிற்சி மட்டும், அதுவும் வலி பொறுக்கும் அளவில். வீட்டில் தினம் ஒரு முறை இதைச் செய்யுங்கள்: மேசைமேல் முன்னங்கையை வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, இடது கையால் வலது கையை மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் ஐந்து எண்ணிக்கொண்டே மெதுவாக இறக்குங்கள். பதினைந்து முறை, சற்று ஓய்வு, அப்படி மூன்று தடவை. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் பாட்டிலில் பாதித் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒன்றும் தெரியவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் வருஷக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். விரல்கள் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, முழங்கை வீங்கினாலோ, கையை நீட்ட முடியாமல் போனாலோ இந்தக் கடிதத்தை நம்பி இருக்காதீர்கள், மருத்துவரிடம் நேரில் போங்கள்.

பிடியையும் மாற்ற வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் பேடிலைத் தோசைக் கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறீர்கள். அந்தப் பிடியில் இடப்பக்கம் வரும் பந்துக்கு மணிக்கட்டை முறுக்கியே ஆக வேண்டும். பேடிலின் விளிம்பு தரையை நோக்கியிருக்க, அதனோடு கை குலுக்குவதுபோல் பிடியுங்கள். முழுப் பலத்துக்குப் பத்து என்றால், இறுக்கம் மூன்று நான்கு போதும்.

இப்போது அந்த 12,000 ரூபாய். இதில் நீங்கள் பாதி சரி. உங்களிடம் இருப்பது செட்டாக வந்த மரப் பேடில். அது கனம், பந்து படும் அதிர்வையும் நேரே கைக்கு அனுப்பும். முழங்கை வலியோடு அதில் ஆட வேண்டாம். ஆனால் விலை உயர்ந்த பேடில்களில் பல, பலமாக அடிப்பவர்களுக்கானவை. 210 முதல் 235 கிராமுக்குள், உள்ளே தேன்கூடு போன்ற அடைப்பும் 16 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட சாதாரணப் பேடில் உங்களுக்கு நல்லது. தடித்த பேடில் பந்தை மெத்தென்று வாங்கும். கைப்பிடியைப் பிடித்தபின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். மிச்சப் பணத்தில் ஷூ வாங்குங்கள். ஆம்பூர் பக்கத்திலிருக்கும் ஊர்க்காரர்களுக்கு நான் ஷூவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் நடைப்பயிற்சி ஷூவோடு தளத்தில் இறங்குகிறவர்களே அதிகம். அதன் குதிகால் உயரம், அடி மெத்தை. பக்கவாட்டில் காலை ஊன்றினால் கணுக்கால் புரளும். சிமென்ட் தளத்துக்கு டென்னிஸ் ஷூ போல் அகலமான, தட்டையான அடியுள்ளது வேண்டும்.

எனக்கு மிகவும் பயம் தருவது

உங்கள் கடிதத்தில் முழங்கை வலிக்கு இரண்டு பக்கம், விழுந்ததற்கு இரண்டே வரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் தூக்கத்தைக் கெடுத்தது. தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் ஓடுவது இந்த ஆட்டத்திலேயே ஆபத்தான காரியம். குதிகால் தடுக்கும், மல்லாந்து விழுவோம், தன்னையறியாமல் கையை ஊன்றுவோம். மணிக்கட்டு முறிந்து என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். தலையில் அடிபட்டால் அதைவிட மோசம். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்களுக்கு எலும்பின் வலு குறையத் தொடங்குவதால் உங்களுக்கு நான் கூடுதலாகவே அழுத்திச் சொல்வேன்.

பந்து தலைக்கு மேல் போனால் முதலில் உடம்பைத் திருப்புங்கள், பிறகு முன்முகமாக ஓடுங்கள். எட்டாதென்று தோன்றினால் "உங்களுக்கு" என்று குரல் கொடுத்து, ஜோடியைப் பின்னால் எடுக்கவிட்டு நீங்கள் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதா, விட்டுவிடுங்கள். ஒரு ஆட்டத்துக்குப் பதினொரு புள்ளி, அதில் ஒன்று.

கெண்டைக்காலையும் தயார் செய்ய வேண்டும். ஐந்தரை மணிக்கு எழுந்த சூட்டோடு தளத்துக்கு வருகிறீர்கள், நேரே ஆட்டம். எட்டு நிமிடம் நடை, பக்கவாட்டு நடை, படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைப் பதினைந்து முறை ஏற்றி இறக்குவது, அப்புறம் பேடில். யாரோ பின்னாலிருந்து குதிகாலில் கல்லால் அடித்ததுபோல் தோன்றி, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அது தசைநாண் அறுந்ததாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், எண்ணெய் போட்டு உருவக் கூடாது.

நீங்கள் சாப்பிடும் மாத்திரையில் மெட்ஃபார்மினோடு கிளிமிப்பிரைடும் இருக்கிறது. கிளிமிப்பிரைடு சர்க்கரையைத் தாழ்வாக இறக்கிவிடக்கூடிய மருந்து. ராத்திரி மாத்திரை போட்டுவிட்டு, காலையில் சர்க்கரை போடாத காபியோடு ஒன்றரை மணி நேரம் ஆடுவது சரியில்லை. ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பையில் சர்க்கரை இருக்கட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் வந்தால் நிறுத்தி மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடியுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லி, இதயத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனாரின் கணவரைப் பற்றிச் சொன்னீர்கள். உறவுக்காரர், எதிர்த்துப் பேச முடியாது என்பது புரிகிறது. ஆட்டம் நடக்கும்போது ஒருவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தால் மூளை பந்தைப் பார்க்காது, பேச்சைத்தான் கேட்கும். "அண்ணே, ஆட்டம் முடிஞ்சதும் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க, அதை நாளைக்குச் சரிபண்றேன்" என்று கேளுங்கள். மரியாதையும் கெடாது, அவருக்கும் எதைச் சொல்வது என்று யோசிக்க வேண்டிவரும். பந்து வெளியே என்று எதிர்ப்பக்கம் சொன்னால் அடங்கிவிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நடுவர் இல்லாத ஆட்டத்தில் யார் பக்கம் பந்து விழுந்ததோ அவர்கள்தான் சொல்ல வேண்டும், அது விதி. ஆனால் அவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்றால் பந்து உள்ளே என்றுதான் கொள்ள வேண்டும்; சந்தேகத்தின் பலன் எதிராளிக்கு. "தெளிவாப் பார்த்தீங்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கடைசியாகப் போட்டி. இப்போது மார்ச். உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. வலியோடு ஆடித் தள்ளுவது, அது நாள்பட்ட வலியில் கொண்டுபோய் விடும். ஆட்டத்தையே விடுவது, சர்க்கரை இருக்கும் உடம்புக்கு இவ்வளவு பிடித்த ஒரு பயிற்சியை விடுவது பெரிய நஷ்டம், அதை நான் ஆதரிக்க மாட்டேன். மூன்றாவது, இரண்டு வாரம் டிங்க் மட்டும், அடுத்த இரண்டு வாரம் பாதித் தளத்தில், அதன்பிறகு வாரம் மூன்று நாள் ஆட்டம். இதைத்தான் சொல்வேன்.

சங்கத்திடம் இப்போதே ஒரு கோரிக்கை வையுங்கள். மே மாத வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அக்னி நட்சத்திரமும் அப்போதுதான். ஆட்டங்கள் காலை எட்டு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்தபின் விளக்கு வெளிச்சத்தில் நடக்க வேண்டும், தளத்தருகே நிழலும் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஆடுபவர்களில் பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். சலுகையாக இல்லாமல் பாதுகாப்பாகவே கேளுங்கள்.

பெயர் கொடுப்பதா என்பதை ஏப்ரல் கடைசி வாரத்தில் முடிவு செய்யுங்கள். அன்று இரண்டு காரியம் பாருங்கள். வலது கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது சுரீர் என்கிறதா? நாத்தனாரோடு நின்று வலையில் அடிக்காமல் முப்பது டிங்க் தொடர்ந்து போட முடிகிறதா? முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதுக்கு ஆம் என்றால் பெயர் கொடுங்கள். குடம் இன்னும் வலித்தால் இந்த வருஷம் எண்ணிக்கை சொல்லும் வேலையை ஏற்றுக்கொண்டு, பந்தை விட்டுவிட்டு அந்தப் பெரியவரின் காலைப் பார்த்துக்கொண்டிருங்கள்.